மூடத் தேவைப்படாத குழாய்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தண்ணீர் வந்தது. நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கும் தெரு எங்களுடையது. அங்கேயே பிறந்து வளர்ந்த நான், அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விசையோடு விழுந்ததை அதற்கு முன் ஒரு முறையும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும் இருக்கிறார்கள். கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போயின. பேச்சும் குழறிப் போயிற்று. அன்றிலிருந்து அவரைத் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, நனைந்த விரிப்புகளைத் துவைப்பது எல்லாம் அக்காவின் வேலை. படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது, அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளாதவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அன்றைக்கு அவர் ஏறி இறங்கிய வீடுகளில் எங்களுடையது எத்தனையாவது என்று மட்டும் எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

தெரு முழுவதற்கும் ஒரே குழாய். விடியற்காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். அந்தக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சக் கூடாது என்பது விதி. எங்கள் தெருவில் கடைசி வீட்டைத் தவிர மற்ற எல்லா வீடுகளிலும் மோட்டார் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒருவர் போட்டதால் அடுத்தவர் போட்டார். அடுத்தவர் போட்டிருப்பார் என்பதால் முதலாமவர் நிறுத்தவில்லை. இதில் எவரும் எவருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. மாடித் தொட்டிகள் நிரம்பின. கடைசி வீட்டுக்குச் சொட்டுகள் போய்ச் சேர்ந்தன. பிறகு அக்கா குடத்தோடு வருவார். நாங்கள் நிரப்பி அனுப்புவோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வந்து தெருமுனையில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். அந்த லாரி கடைசி வீட்டை முன்னிட்டே வந்தது என்றாலும், அதிலும் எல்லாரும் பிடித்துக்கொண்டோம்.

என் தாய் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். புகார் சொல்ல வருகிறவர்களை அமரவைத்துக் கேட்டுப் பதிவுசெய்வது அவர் வேலை. அந்த ஆண்டு எங்கள் ஊரின் குடிநீர்ப் பிரிவுக்கும், எல்லைக்கு அப்பால் தெலுங்கு பேசும் ஒரு சிறு நகரத்தின் குடிநீர்ப் பிரிவுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. ஒருவருக்கு நன்றாகத் தெரிந்ததை மற்றவருக்குக் காட்டிக்கொடுப்பது. அவ்வளவுதான் அதன் சாரம். மழை பொய்த்த ஆண்டுகளில் லாரிகளை எப்படி முறை வைத்து ஓட்டுவது என்பது எங்களவர்களுக்குத் தெரியும். லாரி இல்லாமல் குழாயின் நுனிவரை தண்ணீரை எப்படிக் கொண்டுபோவது என்பது அவர்களுக்குத் தெரியும் என்றார்கள். ஏப்ரலில் எங்கள் பொறியாளர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜூனில் அங்கிருந்து ஒரு பெண் பொறியாளரும் குழாய் பொருத்தும் ஒரு ஃபிட்டரும் வந்தார்கள்.

இரு தரப்புக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். என் தாயின் மொழி தெலுங்கு; தந்தையின் மொழி தமிழ். வீட்டில் இரண்டும் ஓடும். முதுகலைத் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது விடுமுறை. என் மகள் வருவாள் என்று என் தாய் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்து, எனக்கு ஒரே ஓர் அறிவுரை தந்தார்: இடையில் உன் சொல் எதையும் சேர்க்காதே. அது எனக்கு இயல்பாகவே பொருந்தும் வேலை. வகுப்பில்கூட ஆசிரியர் கேள்வி கேட்டால்தான் நான் வாய் திறப்பேன்.

விருந்தினரை முதலில் எங்கே அழைத்துப்போவது என்பதில் எங்கள் பொறியாளர் தெளிவாக இருந்தார். புதிதாக வெள்ளையடித்த மேல்நிலைத் தொட்டி. அதன் அடியில் சால்வை, இளநீர், ஒரு புகைப்படம். ஆனால் அந்தப் பெண் பொறியாளர் முந்தின நாள் தொலைபேசியில், தொட்டியைப் பிறகு பார்க்கலாம், உங்கள் லாரி எந்தத் தெருவுக்கு அதிகமாகப் போகிறதோ அந்தத் தெருவின் கடைசி வீட்டில் நாளை தண்ணீர் விடும்போது நான் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் ஊரில் வேலையை அப்படித்தான் தொடங்குவார்களாம். அந்தத் தெரு எங்களுடையதாக இருந்தது.

அன்று மாலையே தெருவில் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் பகுதிக்கு வால்வு திறந்துவிடுபவர், காலை ஊன்றியபடி சைக்கிளிலிருந்து இறங்காமலே அறிவித்தார்.

"நாளைக்கி வெளி ஸ்டேட்லேர்ந்து ஆபீசருங்க வராங்க. எவன் ஊட்லயாவது மோட்டார் கண்ணுல பட்டுச்சி, புடுங்கிகினு பூடுவாங்க. அப்பால என்னை வந்து கேக்கக் கூடாது, ஆமா."

எங்கள் எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. கணவருக்குக் கரையான்சாவடியில் தையற்கடை. அவர் மனைவியைத் தெரு முழுவதும் பாயம்மா என்றே அழைக்கும். அவர்தான் முதலில் பதில் சொன்னார்.

"அதுக்கின்னா, ஒரு நாளு போடலேன்னா செத்தா பூடுவோம்? ஊருக்கு வந்த ஜனம் நல்லதா நாலு வார்த்த பேசிட்டுப் போவட்டும்."

"நீ போடாம இருப்பே பாயம்மா. முதல் ஊட்டுக்காரர் இருப்பாரா?"

முதல் வீட்டு மாமா தம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவிலேயே பெரிய மோட்டார் அவருடையது. "யோவ், என்னைச் சொல்லாதே. எல்லாரும் நிறுத்தினா நானும் நிறுத்துறேன். நான் இன்னா தண்ணித் திருடனா?" என்றார்.

அன்றிரவு மோட்டார்கள் கழற்றப்பட்டன. சில கட்டிலுக்கு அடியில் போயின. ஒன்று பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. பாயம்மா தம் மோட்டாரைத் தையல் இயந்திரத்தின் பூப்போட்ட உறையால் மூடி, அதன்மேல் தைக்க வந்த ரவிக்கைத் துணிகளை அடுக்கிவைத்தார். எங்களுடையதை என் தாய் கழற்றவில்லை. அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு விருந்தினரும் எங்கள் பொறியாளரும் கடைசி வீட்டின் முன் நின்றபோது நானும் உடன் நின்றேன். பெண் பொறியாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பருத்திப் புடவை, அதன்மேல் முழங்கைவரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை, கால்களில் ரப்பர் செருப்பு. சால்வையை எங்கே போர்த்துவது என்று எங்கள் பொறியாளர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அக்கா வீட்டு வாசலில் ஒரு குழி இருக்கிறது. தண்ணீர் ஏறிவராத இடங்களில் மக்கள் குழாயைத் தேடிக் கீழே இறங்குவார்கள். தரையைத் தோண்டி, பூமிக்கடியிலேயே குழாயை வெட்டி, சொட்டுவதைப் பிடித்துக்கொள்வார்கள். அக்காவின் குழி இடுப்பளவு ஆழம். இறங்குவதற்கு இரண்டு செங்கற் படிகள். வெட்டிய குழாயின் முனையில் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகி, அதைக் குடத்தின் வாயில் விட்டிருப்பார்.

முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் ரப்பர்க் குழாய் கழன்று சுவரில் மோதி விழுந்தது. குடம் நொடியில் நிறைந்து வழிந்தது. அக்கா இன்னொரு குடத்தை நீட்டினார், அதுவும் வழிந்தது. குழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கீழ்ப்படி மூழ்கியது. அக்கா கணுக்கால் நனைய நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் குழாயின் வாயை அழுத்திப் பிடித்தார்.

"மூடுங்கம்மா, குழாயை மூடுங்க" என்றார் எங்கள் பொறியாளர்.

அதில் மூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. திருகும் குழாய்முனை ஒன்றை அக்கா ஒருபோதும் பொருத்தவில்லை. அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை.

தெரு ஓடிவந்தது. குடங்கள், வாளிகள், சோறு வடிக்கும் பாத்திரம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, எது கையில் கிடைத்ததோ அது. பாயம்மா குழியோரத்தில் குந்தி வாங்கி வாங்கிப் பின்னால் கொடுத்தார். "அடியே, கைய எடுத்துடாதே, அப்படியே புடிச்சிக்கோ! இத்தினி நாளு வரலே வரலேன்னு அழுதே, இப்ப வந்துச்சின்னு அழுவுறியா?" என்று அக்காவைக் கிண்டல் செய்தார். அக்கா உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். முகத்தில் தெறித்த தண்ணீரில் அது எல்லாருக்கும் தெரிந்திருக்காது. நான் அருகில் நின்றேன்.

விருந்தினருடன் வந்த ஃபிட்டர் குழிக்குள் இறங்கி, குழாயின் முனையில் மரை வெட்டி, ஒரு திருகு குழாயையும் அதன் பக்கத்தில் ஓர் அழுத்தமானியையும் பொருத்தினார். தண்ணீர் அடங்கியது. அழுத்தமானியின் முள் நின்ற இடத்தைப் பார்த்து எங்கள் பொறியாளருக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

"மேடம்கிட்ட சொல்லுமா. டெயில் எண்டுலயே இவ்ளோ பிரஷர். இந்தத் தெருவுக்கு லாரியே தேவையில்ல. அடுத்த வாரத்துலேர்ந்து நிறுத்திடலாம். புதுசா லைன் போடணும்னு ஒரு எஸ்டிமேட் போட்டு வெச்சிருக்கேன், அதுவும் வேணாம்."

அவர் சொன்னதை நான் தெலுங்கில் சொன்னேன். அந்தப் பெண் பொறியாளர் குழியைப் பார்த்தார், செங்கற் படிகளைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன்:

"தினமும் தண்ணீர் இப்படித்தான் வருமா என்று கேட்கிறார்."

வாளிகளோடு நின்ற அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தார்கள். முதல் வீட்டு மாமா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். திறந்திருந்த கதவின் வழியே கட்டிலில் கிடந்த அக்காவின் கணவரின் பாதங்கள் தெரிந்தன. அக்கா ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆமாம்மா. தினமும் இப்படித்தான் வருது."

வருது என்று அவர் சொன்னார். வருகிறது என்றே நான் தெலுங்கில் சொன்னேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

அந்தப் பெண் பொறியாளர் தலையசைத்தார். பிறகு எங்கள் பொறியாளரிடம் பேசினார். அன்று நான் அவருக்குச் சொன்ன தமிழிலேயே அதை இங்கே எழுதுகிறேன். தனியாக அழைத்துப்போய்ச் சொல்லும்படி எவரும் கேட்காததால், தெருவும் அதைக் கேட்டது.

"ஏப்ரலில் நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது, கடைசித் தெருவில் மாடிவரை தண்ணீர் தானாக ஏறியதைப் பார்த்து வியந்தீர்கள். அன்று அந்தத் தெருவில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. முந்தின நாள் எங்கள் ஆட்களே போய்க் கழற்றிவைக்கச் சொன்னார்கள். விருந்தாளிகள் வருகிறார்களே என்று செய்தோம். நீங்கள் திரும்பிப் போன மறுநாள் அந்தத் தெருவின் கடைசி வீட்டில் தண்ணீர் இல்லை."

எங்கள் பொறியாளர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நான் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு?" என்றார். இரண்டு மாதங்களாக அலுவலகத்தில் எவரைப் பார்த்தாலும் அவர் அந்த ஊரைப் புகழ்ந்துகொண்டிருந்தார் என்பது என் தாய் சொல்லி எனக்குத் தெரியும்.

"இன்று நான் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்தப் பெண் பொறியாளர். "ஆனால் ஒன்று. இந்தக் குழாயில் குறையில்லை. இன்று நாம் பார்த்தது அதைத்தான். எங்கள் ஊர்க் குழாயிலும் குறையில்லை. மோட்டார்களைப் பறித்துப் பார்த்தோம். அடுத்த வாரமே புதியவை வந்துவிட்டன. அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களுக்கும் தெரியாது. அதனால் இந்தக் கருவியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். நாளைய அழுத்தத்தை அது தானாகவே பதிந்துகொள்ளும். அதைப் பார்க்கும்வரை லாரியைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்."

பாயம்மா என் காதருகில் குனிந்தார். "அங்கியும் இதே கதையா? நம்பள மாரியே கீறாங்களே!" என்றார். அதை மாற்றிச் சொல்ல வேண்டுமா என்று நான் தயங்கினேன். அந்தப் பெண் பொறியாளர் பாயம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவர்போல் புன்னகைத்தார்.

பிறகு அவர்கள் மேல்நிலைத் தொட்டியைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். சால்வை போர்த்தப்பட்டது, இளநீர் குடிக்கப்பட்டது. லாரிகளை அனுப்பும் அறையில் எங்களவர்கள் தங்கள் முறையை விளக்கியபோது, எந்தத் தெருவுக்கு லாரி எப்போது போயிற்று, அங்கே அதற்கு யார் கையெழுத்திட்டார் என்பதை எல்லாம் அந்தப் பெண் பொறியாளர் வெகுநேரம் கேட்டார். இது எங்களிடம் இல்லை, இதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அதை நான் சொன்னபோது எங்கள் பொறியாளரின் முகம் சற்றுத் தெளிந்தது.

மாலையில் வீடு திரும்பும் வழியில் கடைசி வீட்டுக்குப் போனேன். அழைக்காமல் ஒருவர் வீட்டுக்கு நான் போவதில்லை. அன்று போனேன். அக்கா கொடியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த துணி அத்தனையும் கொடியில் தொங்கியதுபோல் இருந்தது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? லாரியை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்லச் சொல்றே? அவரு உழுந்த அன்னிக்கி ராவோட ராவா வண்டியில தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போனது யாரு? முதல் ஊட்டுக்காரர்தான். ஆம்புலன்சு வர்ற வரைக்கும் நான் காத்துகினு இருந்தா இன்னிக்கி இந்த மனுசனே இல்ல. அவரு மோட்டாரை நான் காட்டிக் குடுக்கவா? பாயம்மா வாரத்துல ரெண்டு நாளு இவருக்குக் கஞ்சி வெச்சிக் குடுக்குது. உங்க அம்மா குடம் குடமா ரொப்பித் தருது. எல்லாரையும் மாட்டி உட்டுட்டு நான் யாரு ஊட்டு வாசல்ல போயி நிப்பேன்?"

அவர் கொடியில் கிடந்த துண்டு ஒன்றை இழுத்து நேராக்கினார்.

"ரெண்டு வருசமா துணிய நனச்சித் தொடச்சி உட்டுகினுதான் கீறேன். இன்னிக்கி பாயம்மாவும் நானுமா நாற்காலில உக்கார வெச்சி, தலையில தண்ணி ஊத்தினோம். நெறைய. கணக்கே பாக்காம. கண்ண மூடிக்கினு குந்திகினு இருந்தாரு. நிறுத்தினேன். 'இன்னும்'னாரு. அவருக்குப் பேச்சு எப்படி வரும்னு உனக்குத் தெரியுமே. அந்த ஒரு வார்த்த சுத்தமா வந்துச்சி."

உள்ளே கட்டிலில் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். தலைமுடி சீவிவிடப்பட்டிருந்தது.

"நாளைக்கும் வந்தா நல்லாருக்கும்" என்றார் அக்கா. "லாரி, லைனு எல்லாம் அவங்க பார்த்துக்கட்டும். நாளைக்கி ஒரு நாளு வந்தா போதும்." அதை அவர் தெருவிடம் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. துணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கறுப்புத் தொட்டியின் அருகே தெரு கூடியது. மறைத்துவைத்த மோட்டார்களை வெளியே எடுக்கலாமா என்பதுதான் பேச்சு.

"மீட்டரு அங்க குந்திகினு கீது" என்றார் முதல் வீட்டு மாமா. "மோட்டார் போட்டா அது காட்டிக் குடுத்துரும். போடலேன்னா, தண்ணிதான் வருதேன்னு லாரி பூடும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"மோட்டாரும் வோணும், லாரியும் வோணும்னு மீட்டரு காதுல சொல்லிட்டு வா மாமே" என்றது ஓர் இளைஞனின் குரல். சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்கடா" என்றார் மாமா. "இன்னிக்கி என் மாடித் தொட்டி காலி. ஊட்ல ஆறு பேரு."

"எல்லாரும் போடாம இருந்தா கீழக் கொழாயிலயே நல்லா வருதுல்ல?" என்றார் பாயம்மா. "நான் இன்னிக்கி ரெண்டு டிரம்மு ரொப்பினேன், மோட்டார் சுச்சே போடாம."

"எல்லாரும்னு சொல்றியே, அந்த எல்லாருக்கும் நீ ஜாமீனா?" என்றார் மாமா. "நான் நிறுத்துவேன், எதிர் ஊட்டுக்காரன் போடுவான். அவன் போட்டானா இல்லையான்னு நான் காலங்காத்தால காத வெச்சி கேட்டுகினு இருக்கணுமா?"

"நான் ஏன்யா போடுறேன்? நீ போட்டாதான் நான் போடுவேன்" என்றார் மாமாவின் எதிர்வீட்டுக்காரர்.

கடைசி வீட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. அக்கா அங்கே வரவில்லை. தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு பெயரை எடுத்தால் பேச்சு முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதுவும் முடிவாகாமல், கொசு கடிக்கிறது என்று சொல்லி ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

எனக்கும் அங்கே நின்று பேச ஒரு வாக்கியம் இருந்தது. பகல் முழுவதும் மற்றவர்களின் சொற்களை இருபுறமும் சுமந்தவளுக்குத் தன் சொல்லை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உறங்கிப்போனேன்.

மறுநாள், புதன்கிழமை காலை, குழாயில் காற்று சீறும் ஓசையில் விழித்தேன். தந்தை இரவுப் பணி முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. என் தாய் மோட்டாரின் மேலிருந்த வாளியை எடுத்துவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போடவில்லை. தெருவில் தண்ணீர் பாத்திரங்களில் விழும் ஓசை மட்டுமே இருந்தது. சிறிது நேரம் அப்படியே இருந்தது.

பிறகு தெருவின் தலைப்பக்கத்தில் ஒரு மோட்டார் உறுமியது. அதன் எதிரில் இன்னொன்று. எங்கள் குழாயில் விழுந்த தண்ணீர் மெலிந்தது. மூன்றாவது மோட்டார் எந்த வீட்டிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

"போடவா? மேலே சொட்டுத் தண்ணீர் இல்லை" என்று என் தாய் தெலுங்கில் கேட்டார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டின் இரும்புக் கதவுவரை நடந்து அழைப்புமணியை அழுத்தினேன். அந்த வீட்டு மாமாவிடம் நான் அதுவரை தலையசைப்புக்கு மேல் பேசியதில்லை. லுங்கியை மடித்துக் கட்டியபடி, வாயில் பல்துலக்கியோடு வந்தார். என்னைக் கண்டதும் அதை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னாமா, ஆபீசருங்க வந்துட்டாங்களா?"

"யாரும் வரலை மாமா. கடைசி வீட்டுல தண்ணி வரலை. மோட்டாரை நிறுத்துங்க."

"எதிர் ஊட்ல ஓடுறது உன் காதுல உழலையா?"

"அங்கேயும் போறேன்."

அவர் என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "உங்க ஊட்ல?"

"எங்க வீட்டுல போடலை" என்றேன். அதைச் சொன்னபோது அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். என் தாய் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். கையில் ஒரு குடம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து எந்த ஓசையும் வரவில்லை.

"அவரு நேத்து குளிச்சாராம். ரெண்டு வருசம் கழிச்சி" என்றேன்.

மாமா உள்ளே போனார். மோட்டாரின் உறுமல் நின்றது. அது மீண்டும் தொடங்குமா என்று காத்து நிற்காமல் எதிர்வீட்டுக் கதவைத் திறந்தேன். அங்கே ஓர் அம்மாள் எரிச்சலோடு வந்து, நீ யாரு கேக்கறதுக்கு என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போய் நிறுத்தினார். மூன்றாவது மோட்டார் ஓடிய வீட்டைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. அங்கே மணியை இரண்டு முறை அழுத்தியும் எவரும் வரவில்லை. அந்த மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதை விட்டுவிட்டுக் கடைசி வீட்டை நோக்கி நடந்தேன்.

அங்கே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முந்தின நாளின் விசை இல்லை. ஒரு விரல் பருமன் இருந்தது. நாற்காலி வாசலுக்குப் பக்கத்தில் தயாராகப் போடப்பட்டிருந்தது. அக்கா குழிக்குள் நின்று, முதற் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஆளாக நிரப்பி, ஏறி, சுமந்து, திரும்பி இறங்குவதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

"நீங்க மேல போங்கக்கா" என்றேன்.

அவர் ஏறினார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். குடம் நிறைந்ததும் அடுத்ததை வைத்துவிட்டு, நிறைந்ததை இரண்டு கைகளாலும் தூக்கி அவரிடம் கொடுத்தேன். தண்ணீர் நிற்கும்வரை அதைச் செய்தேன்.